கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை: மீனவர்களுக்கான கேள்வி பதில்

சாகர் கவச், சீ விஜில் ரெண்டும் ஒண்ணுதானா சார்?

இல்லை. இரண்டும் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகைகள்தான், ஆனால் சாகர் கவச் மாநில அளவில் நடப்பது. சீ விஜில் நாடு முழுவதற்குமானது. 2019 ஜனவரியில் தொடங்கி 2021, 2022, 2024 என நடந்திருக்கிறது. 9 கடலோர மாநிலங்களும் 4 யூனியன் பிரதேசங்களும் ஒரே நேரத்தில் இறங்கும். கடற்படை, கடலோரக் காவல்படை, நம் மாநிலத்தின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், சுங்கம், மீன்வளத்துறை எல்லாம் சேர்ந்து செய்வது.

ஒத்திகையில் ஊடுருவுபவர்களாக நடிக்கும் சிவப்பு அணி ஏன் மீன்பிடிப் படகிலேயே வருகிறது? அதுதான் ரேடார் இருக்கிறதே?

2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் 'குபேர்' என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். நம் படகு என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

ரேடார் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ஃபைபர் படகு தண்ணீரோடு தாழ்ந்து கிடக்கும். மரமும் ஃபைபரும் ரேடார் அலையை வலுவாகத் திருப்பி அனுப்பாது. கடல் சற்றுக் கொந்தளித்தாலும் அலைகளின் எதிரொலியில் படகின் புள்ளி கரைந்துவிடும். படகின் அடையாளத்தையும் இடத்தையும் தானே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி 20 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்குக் கட்டாயமில்லை. பொருத்தியிருந்தாலும் ஒரு சுவிட்சில் அணைத்துவிடலாம். எனவே விடியற்காலையில் கரை திரும்பும் படகுக் கூட்டத்தில் கலந்து வருவதுதான் சிவப்பு அணிக்கு வசதி.

அங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். தமிழ்நாட்டுப் படகுக்குரிய 'ஐஎன்டி-டிஎன்' பதிவு எண் நேற்று எழுதியது போலப் பளிச்சென்று இருக்கிறதா? கடலுக்குப் போகும்போது வாங்கிய டோக்கனில் உள்ள ஆட்கணக்கு படகில் இருப்பவர்களோடு ஒத்துப்போகிறதா? இரவு முழுக்கத் தொழில் செய்துவிட்டு வரும் படகில் வலை எப்படிக் காய்ந்திருக்கும், ஐஸ் பெட்டி எப்படிக் காலியாக இருக்கும்? இதையெல்லாம் மீனவர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். வெளியூரிலிருந்து வந்த காவலருக்கு நேரமாகும்.

இழுவலை கடலில் கிடக்கும்போது நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது?

சட்டென்று இன்ஜினை அணைக்காதீர்கள். வேகம் குறைந்தால் வலை தரையில் உட்காரும், கயிறு தொய்ந்து புரொப்பல்லரில் சுற்றலாம். வலை கிடக்கிறது என்று விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் சொல்லுங்கள், கையாலும் காட்டுங்கள். மெதுவாக நேரே ஓட்டியபடி வலையை ஏற்ற அனுமதி கேளுங்கள். ஆட்களைப் படகின் முன்பக்கமான அணியத்துக்குப் போகச் சொல்லி, கைகள் தெரியும்படி நிற்க வையுங்கள். பயோமெட்ரிக் அட்டை, பதிவுப் புத்தகம், உரிமம் மூன்றும் நனையாத ஒரே பையில் இருந்தால் சோதனை சீக்கிரம் முடியும்.

ஒத்திகை நேரத்தில் உண்மையிலேயே படகு மூழ்கினால்? நாடகம் என்று விட்டுவிடுவார்களா?

விடமாட்டார்கள். ஒத்திகைச் செய்திக்கு முன்னால் 'எக்ஸர்சைஸ்' என்று சொல்வது வழக்கம். நீங்கள் ரேடியோவில் 'மேடே' என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லி, இடத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். கரையிலிருந்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குப் பேசுங்கள்.

அந்த நாட்களில் தொழிலுக்குப் போகக் கூடாதா?

போகலாம். சோதனை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒத்திகையில் எங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்?

தகவல் போய்ச் சேரும் நேரத்தில். "கிழக்கே ஒரு படகு போச்சு" என்று கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்குச் சொன்னால் தேட முடியாது. பார்த்த மணி, ஜிபிஎஸ் எண், படகின் நிறம், ஆட்கள், போகும் திசை இவ்வளவும் வேண்டும். 10 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 10 கடல் மைல் போகும் படகு 6 நிமிடத்தில் ஒரு கடல் மைல் கடக்கும். 20 நிமிடம் தாமதித்துச் சொன்னால், திசை தெரியாத நிலையில், சுற்றிலும் மூன்று கடல் மைலுக்கு மேல் தேட வேண்டும். அதற்குள் கரையே வந்திருக்கும்.