ஆய்வுக் குழுவிடம் தோட்டப்புறப் பெண்கள் பேசலாமா?

கேள்வி: குடும்ப வன்முறை, கைப்பேசி வழித் தொல்லை ஆகியவை பற்றி மருத்துவர், வழக்கறிஞர், கணினித் துறையினர் எல்லோரும் சேர்ந்து ஆய்வு செய்ய எங்கள் வட்டாரத்துக்கு வருகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் அவர்களிடம் பேசுவதால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் பேசுவதற்கு முன் நீங்களும் அவர்களைச் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் என்னும் ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெற்றோர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு பட்டணத்து மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய குழு ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளராக வீடு வீடாகச் சென்றேன். மலாயில் தயாரான கேள்வித்தாளில் இருந்த ஒரு கேள்வியை நான் "கணவர் உங்களைத் துன்புறுத்தியது உண்டா?" என்று தமிழாக்கியிருந்தேன். முதல் நாள் முழுவதும் எல்லாப் பெண்களும் இல்லை என்றார்கள். குழுவில் இருந்த ஆலோசகர் அன்று மாலை அந்த வரியை அடித்துவிட்டு, "கோபம் வந்தால் கை நீட்டுவாரா, பிடித்துத் தள்ளுவாரா?" என்று கேட்கச் சொன்னார். மறுநாள் காலை ஒரு பெண், "அது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே ரவிக்கைக் கையை இழுத்து முழங்கைப் பக்கம் மறைத்தாள். 10 நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்து உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட ஆய்விலும், 'வன்முறை' என்ற பெயரைச் சொல்லாமல் அறைந்தாரா, தள்ளினாரா என்று செயலைச் சொல்லித்தான் கேட்டார்கள் என்பதை அந்த ஆலோசகரிடமிருந்தே தெரிந்துகொண்டேன். புள்ளிவிவரம் தெரிந்தவருக்கும் நம் பேச்சு தெரிந்தவருக்கும் ஒருவர் இல்லாமல் மற்றவரால் பயனில்லை என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

இன்னொரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது மாமியார் உள்ளே வந்துவிட்டார். நாங்கள் உடனே தாளைப் புரட்டி, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்கத் தொடங்கினோம். அதற்கென்றே வேறு கேள்விகளைக் கையில் வைத்திருந்தோம். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே பேசுவதும், ஆய்வின் உண்மையான பொருளை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமல் இருப்பதும் அவள் உயிரைக் காப்பதற்கான விதிகள். இவற்றை அறியாத குழுவிடம் வாயே திறக்காதீர்கள்.

பல துறையினர் சேர்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நெருக்கடி மையம், அடிபட்டு வந்த பெண்ணை ஒவ்வோர் இலாகாவாக அலையவிடாமல் மருத்துவர், போலீஸ், சமூகநல அதிகாரி, பெண்கள் அமைப்பு ஆகியோரை அவள் இருக்கும் இடத்துக்கே வரவழைத்தது. பிறகு அது மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. ஆனால் பினாங்கிலும் கிளந்தானிலும் நடந்த ஆய்வு, சிறிய மாவட்ட மருத்துவமனைகளில் தனி அறைக்கும் பயிற்சி பெற்ற ஆட்களுக்கும் பற்றாக்குறை இருப்பதைக் காட்டியது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு அதுவே பெரிய சங்கடம்.

கைப்பேசி விஷயத்தில்தான் இந்தக் கூட்டு முயற்சி இன்றியமையாதது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருத்தி எங்கே போனாலும் கணவருக்குத் தெரிந்துவிடும். "எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ" என்று அவள் நடுங்குவாள். அந்தக் கைப்பேசியை வாங்கித் தந்தவர் அவர், கூகுள் கணக்கைத் திறந்து கடவுச்சொல் வைத்தவரும் அவரே. நியூயார்க்கில் கார்னெல் டெக் கல்விக்கூடத்தின் கணினி அறிஞர்கள் நிக்கோலா டெல், தாமஸ் ரிஸ்டன்பார்ட் குழுவினர், பாதிக்கப்பட்ட பெண்களிடம் பேசி 2018-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: பெரும்பாலும் இப்படி வேவு பார்க்கப் பெரிய கணினித் திறமை எதுவும் தேவைப்படுவதில்லை, கைப்பேசியும் கணக்கும் தொல்லை தருபவன் கையில் இருப்பதே போதும். கணினி தெரிந்தவர் உடனே எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்வார். அழித்த அன்றே அவனுக்குத் தெரிந்துவிடும், அடி இன்னும் கடுமையாகும் என்பது பெண்கள் அமைப்பில் வேலை செய்பவருக்குத்தான் தெரியும். அவள் தங்க இடம் பார்த்த பிறகு எந்த நாளில் எதை மாற்றுவது என்று இருவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சட்டமும் கைகொடுக்கிறது. 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017 திருத்தத்தால், கைப்பேசி போன்ற மின்னணு வழியில் மானத்தை இழிவுபடுத்தும் செய்தி அனுப்புவதும் குடும்ப வன்முறையாயிற்று. போலீஸ் புகார் இல்லாமலேயே சமூகநல அதிகாரி 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். விடாமல் பின்தொடர்ந்து அச்சுறுத்துவதை 2023-இல் தண்டனைச் சட்டத்தின் 507A பிரிவு குற்றமாக்கியது. இவற்றைத் தமிழில் எழுதிய ஒரு தாளைக்கூட எங்கள் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாங்கள் பேட்டி எடுத்துக் கொடுத்த அந்தக் குழு அதன் பிறகு திரும்பி வரவேயில்லை. முழங்கையை மறைத்த அந்தப் பெண் என்னைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம், "அவங்க என்ன சொன்னாங்க டீச்சர்?" என்று கேட்கிறாள். ஆகவே வருபவர்களிடம் கேளுங்கள்: எங்கள் பெயரை எங்கே எழுதி வைப்பீர்கள், பேசி முடித்த இரவு அடி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது, முடிவுகளைத் தமிழில் எப்போது கொண்டுவந்து தருவீர்கள்? மழுப்பாமல் பதில் சொன்னால் தாராளமாகப் பேசுங்கள். உங்கள் கைப்பேசியைக் கணவர் பார்ப்பார் என்றால் சந்திப்பு நேரத்தை அதில் குறிக்க வேண்டாம். அவசர உதவிக்கு 'தாலியான் காசே' என்னும் அரசு உதவித் தொலைபேசி எண் 15999 24 மணி நேரமும் இயங்குகிறது. அதையும் பக்கத்து வீட்டு அக்காவின் கைப்பேசியிலிருந்தே அழையுங்கள்.