மூழ்கி நூறு ஆண்டு கடந்த கப்பலைத் தேடிக் கண்டுபிடிப்பதால் யாருக்கு என்ன பயன்?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் வீட்டிலிருந்து யாரும் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் உண்டு. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணியில் என் தாய்மாமாதான் தண்டல், அதாவது தோணியை நடத்தும் தலைவர். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

இப்போது நான் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் வசிக்கிறேன். 1911 மார்ச் 23 அன்று மக்கே துறைமுகத்திலிருந்து இந்த ஊருக்குப் புறப்பட்ட யோங்கலா என்ற நீராவிக் கப்பல் வந்து சேரவில்லை. அது கிளம்பிய பிறகுதான் புயல் எச்சரிக்கை வந்தது. கப்பலில் கம்பியில்லாத் தந்தி இல்லை, சொல்ல வழியில்லை. 122 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தபால் பைகளும் மூன்ஷைன் என்ற பந்தயக் குதிரையின் உடலும் கரை ஒதுங்கின. அரசு 1,000 பவுண்டு பரிசு அறிவித்தும் கப்பல் அகப்படவில்லை. 1958இல்தான் நீர்மூழ்குவோர் இறங்கிப் பார்த்து, ஓர் இரும்புப் பெட்டியை மேலே கொண்டுவந்தார்கள். உள்ளே வெறும் சேறு. ஆனால் பெட்டியிலிருந்த எண்ணை இங்கிலாந்தில் பாதுகாப்புப் பெட்டகங்கள் செய்யும் சப் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டபோது, யோங்கலாவுக்காகச் செய்த பெட்டி என்று பதில் வந்தது.

சென்ற ஆண்டு ஆல்வா கடற்கரையிலிருந்து படகில் போய் நானும் இறங்கினேன். மீன் பார்க்கப் போன சுற்றுலாவைப் பெரிதாக்குகிறேன் என்று எண்ண வேண்டாம். நீரோட்டம் இழுக்க, கயிற்றைப் பற்றிக்கொண்டே இறங்கினேன். கப்பல் வலப்புறமாகச் சாய்ந்து கிடந்தது. பக்கமெல்லாம் பவளம் மூடியிருந்தது. உள்ளே நுழைவதைச் சட்டம் தடுக்கிறது. அது சரிதான், உள்ளே மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். புதையல் தேடி உடைப்பவர்களுக்காக நான் வாதாடவில்லை.

தேடுவது வீண்செலவு என்பவர்கள் எங்கள் அத்தையோடு வங்கிக்கு வந்திருக்க வேண்டும். மாமாவின் கணக்கில் இருந்த சொற்பப் பணத்துக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். உடல் இல்லையே என்றால், ஏழு ஆண்டுகள் காத்திருங்கள் என்றார்கள். அத்தையை உட்காரச் சொல்லக்கூட அங்கே ஆளில்லை. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வளையலை விற்றார்.

யோங்கலாவைப் பார்த்த அன்றிரவு அத்தைக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். குதிரையைப் பற்றியோ பெட்டியைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை.

"எத்தனை பாகம் ஆழம்?" என்று மட்டும் கேட்டார். பாகம் என்பது கடலோடிகள் ஆழம் சொல்லும் அளவு, ஏறக்குறைய ஆறடி.

"பதினாறு இருக்கும், அத்தை."

"அவ்வளவுதானா?" என்றார்.