ஓவியம் படிக்கிற பிள்ளைகளுக்கு எதிர்காலம் இருக்கா? நம்ம பள்ளிக்கூடத்துல கற்பனைக்கு இடம் இருக்கா?

கேள்வி கேட்டவங்க தன் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு ஃபைன் ஆர்ட்ஸ்லதான் சேருவேன்னு நிக்கிறான்னு எழுதியிருக்காங்க. பதினாலு வருஷம் ஸ்கூல்ல வராத கற்பனை நாலு வருஷ காலேஜ்ல எப்படி வரும், அதைப் படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவான்னும் கேட்டிருக்காங்க. எங்க வீட்லயும் இதேதான் கேட்டாங்க, அதனால பதில் சொல்லலாம்னு தோணுச்சு. நான் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில பெயிண்டிங் மூணாம் வருஷம். ஊரு பாம்பன் பக்கம். அப்பா நாட்டுப்படகுல போறவங்க, அம்மா கடல்ல முங்கி கடல்பாசி எடுக்கப் போறவங்க.

முதல்ல ஸ்கூல் கதை. ஆறாவதுல டிராயிங் பீரியட்னா போர்டுல ரெண்டு மலை, நடுவுல சூரியன், மலையில இருந்து இறங்கி வர்ற ஆறு, கரையில ஒரு குடிசை, அதைப் பாத்து அப்படியே வரையணும். எங்க கரையில கண்ணுக்கு எட்டின தூரம் மலையே கிடையாது. ராமேஸ்வரத்துல கந்தமாதன பர்வதம் இருக்கு, பேருலதான் பர்வதம், அது ஒரு மணல்மேடு. எங்களுக்கு சூரியன் கடல்ல இருந்துதான் வரும், ஆறுங்கறதை நாங்க பஸ்ல போறப்ப தண்ணி இல்லாமத்தான் பாத்திருக்கோம். இருந்தும் எல்லாரும் மலை வரைஞ்சோம், நானும் வரைஞ்சு வெரி குட் வாங்கினேன். ஒரே ஒரு பையன் மட்டும் வத்தை வரைஞ்சான், வத்தைன்னா எங்க பக்கத்து மரப்படகு. தண்ணியில மிதக்குற வத்தை இல்ல, கரையில ஏத்திப் போட்டு பலகையைப் பிரிச்சு வேலை பாக்குறப்ப உள்ள தெரியுமே அது, அடியில நீளமா ஏரா, அதுல இருந்து ரெண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி எழுந்து வளையிற வங்கு, அவங்க அப்பா வத்தையில எத்தனை வங்கு இருக்கோ அத்தனையும் எண்ணி வரைஞ்சிருந்தான், முன்னாடி இருக்குறது அகலம் குறைவு, நடுவுல இருக்குறது அகலம்னு அதுவும் சரியா இருந்துச்சு. போர்டுல போட்டதை வரையலன்னு அந்தப் பக்கத்துல சிவப்பு மையில குறுக்க கோடு போட்டு கொடுத்தாங்க. அதுக்கப்புறம் அவன் மலைதான் வரைஞ்சான். பத்தாவதோட நின்னுட்டான், இப்ப கடலுக்குப் போறான்.

அந்த சாரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் கணக்கு வாத்தியார், டிராயிங்குக்கு ஆளே கிடையாது. 2012ல தமிழ்நாடு முழுக்க ஓவியம், உடற்கல்வி, தையல் மாதிரி பாடங்களுக்கு 16,549 பேரை பகுதிநேர ஆசிரியரா எடுத்தாங்க, வாரத்துல மூணு அரை நாள், அப்ப மாசம் அஞ்சாயிரம் ரூபாய் சம்பளம். பணி நிரந்தரம் கேட்டு அவங்க வருஷக்கணக்கா போராடிட்டு இருக்காங்க. மூணு அரை நாள்ல ஒருத்தர் எத்தனை பிள்ளைங்க நோட்டைப் பாக்க முடியும் சொல்லுங்க. 2022ல இருந்து அரசுப் பள்ளிகள்ல கலைத்திருவிழா நடத்துறாங்க, அது நிஜமாவே நல்ல விஷயம், கரையோரப் பிள்ளைங்க மேடையேறுறதை நானே பாத்தேன். ஆனா அது போட்டி, ஏற்கனவே வரையத் தெரிஞ்சவன்தான் அங்க நிப்பான். கோடு போட்டு அடிச்ச நோட்டை வெச்சிருக்குறவனுக்கு வாராவாரம் ஒரு வகுப்புதான் வேணும்.

காலேஜ்ல என்ன கத்துப்பாங்கன்னு கேட்டீங்கல்ல, எனக்கு நடந்ததைச் சொல்றேன். முதல் வருஷம் ஒரு நாள் செப்பியாங்கற பழுப்பு இங்க்ல வாஷ் டிராயிங், அதாவது மையைத் தண்ணியில கரைச்சுப் பிரஷ்ல இழுக்குற படம், போட்டுட்டு இருந்தோம். அந்தப் பழுப்புக்கு செப்பியான்னு பேர் வந்ததே கணவாய் மீனாலதான், செப்பியாங்கறது கணவாயோட பேரு, அந்தக் காலத்துல ஐரோப்பாவுல அதோட மைப்பையைக் காயவெச்சு அரைச்சுத்தான் இந்தக் கலரை எடுத்தாங்கன்னு சார் சொன்னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. சின்னதுல இருந்து அப்பத்தா கூட உக்காந்து கணவாய் கழுவியிருக்கேன், மைப்பை உடைஞ்சா கையெல்லாம் கருப்பாகும், பாவாடையில பட்டா போகாது, அப்பத்தா திட்டும். கலர் பாக்ஸ் வாங்கக் காசில்லன்னு அழுத வயசுல என் கை நிறைய அந்தக் கலர் இருந்திருக்கு, இதுதான் அதுன்னு சொல்ல ஆள் இல்ல. லீவுக்கு ஊருக்கு வந்ததும் மொத வேலையா நாலு மைப்பையை சேதமில்லாம எடுத்து, துணியில வடிகட்டி, ஊறவெச்ச வேலம்பிசின் கொஞ்சம் கலந்து, தண்ணி விட்டு விட்டு ஒரு தாள்ல இழுத்துப் பாத்தேன். கெட்டியா இருக்குறப்ப நல்ல கருப்பு, தண்ணி ஏற ஏற பழுப்பு வருது. வாடை ரெண்டு நாள் போகல, ஆனா அந்தத் தாளை நான் பத்திரமா வெச்சிருக்கேன்.

கற்பனைன்னா இல்லாததை நினைச்சுப் பாக்குறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நான் அப்படி நினைக்கல. நம்ம பக்கத்துல இருக்குறதை முழுசா பாக்க ஆரம்பிச்சாலே அது தானா வரும். பாம்பன் ரோட்டுப் பாலத்துல நின்னா ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல், ரெண்டும் ஒரே நிறமா இருந்த நாளை நான் பாத்ததில்ல. வாடைக்காத்து காலத்துல வடகடல் கலங்கிப் போய் கெடக்கும், தென்கடல் அடங்கியிருக்கும், காத்து மாறினா அது மாறும். அப்பாவுக்கு நிறத்தைப் பாத்தே இன்னிக்குப் போகலாமா வேணாமான்னு தெரியும். அவரு ஓவியம் படிக்கல, ஆனா நீலத்துல எனக்குத் தெரிஞ்சதை விட அவருக்கு அதிகம் தெரியும். இதை ஏன் எந்த டிராயிங் பீரியட்லயும் எங்ககிட்ட கேக்கவே இல்லங்கறதுதான் என் ஆதங்கம்.

நுழைவுத் தேர்வுல வரைய வெச்சுத்தான் பாப்பாங்க, பிளஸ் டூ மார்க் மட்டும் பத்தாது, அதனால உங்க பொண்ணை இப்பவே ஒரு நோட்டுல தினமும் வீட்ல இருக்குறவங்களை வரையச் சொல்லுங்க, போட்டோவைப் பாத்து வேணாம். நான் அப்ப வரைஞ்சு வரைஞ்சு பழகினது எங்க அம்மா கையைத்தான். மரிக்கொழுந்து பாசி பாறையை ஒட்டி இருக்கும், முங்கிப் பிச்சு எடுக்குறப்ப பாறை கிழிச்சிடும்னு விரலுக்கு விரல் துணி சுத்தியிருப்பாங்க. அவுத்ததும் விரல் நுனி வெளுத்து, ஊறி, சுருங்கிப் போயிருக்கும், நகத்தோரம் ஒரு கீறல் எப்பவும் இருக்கும். அந்தத் துணி மடிப்பை வரையக் கத்துக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அம்மா தூக்கத்தோட கையை நீட்டிட்டு உக்காந்திருப்பாங்க.

சென்னை வந்த மொத வாரம் மெரினாவுல உழைப்பாளர் சிலையைப் பாத்தேன். எங்க காலேஜோட முதல் இந்திய பிரின்சிபால் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, நாலு பேர் பாறையை நெம்புவாங்க. எல்லாரும் செல்ஃபி எடுத்தாங்க, நான் அந்த முதுகுகளையே பாத்துட்டு இருந்தேன். வள்ளத்தைக் கரையேத்துறப்ப எங்க அப்பா முதுகு அப்படித்தான் வளையும். அதே மாதிரி ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்துல சேதுபதி ராஜாங்க காலத்து சுவரோவியம் சுவர் முழுக்க இருக்கு, மராட்டியர் கூட நடந்த சண்டை, ராமாயணம், பாக்க வந்த வெள்ளைக்காரங்கன்னு. எங்க ஊர்ல இருந்து பஸ்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பன்னெண்டு வருஷப் படிப்புல ஒரு தடவை கூட கூட்டிட்டுப் போகல, நான் அதை காலேஜ் சேந்த பிறகு போய்த்தான் பாத்தேன்.

வேலை விஷயத்துல பொய் சொல்ல மாட்டேன். சீனியர்ஸ் அனிமேஷன், டிசைன், சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்னு போயிருக்காங்க, தனியா வரைஞ்சு விக்கிறவங்க கொஞ்சம் பேர், அது மெதுவாத்தான் வரும். எனக்கு கரையோரத்துல ஒரு ஸ்கூல்ல டிராயிங் டீச்சராகணும், மேல படிச்சு தகுதி என்னவோ அதை வாங்கிட்டுத்தான் வருவேன். போஸ்டிங் போடுவாங்களான்னு அப்பா கேக்குறாங்க, அந்தப் பயம் எனக்கும் இருக்கு. போடுற வரைக்கும் சும்மா இருக்க முடியாதுன்னு இந்த மே மாசம் எங்க தெருப் பிள்ளைங்க பதினோரு பேரை சாயங்காலம் கரையில உக்கார வெச்சு ஆரம்பிச்சிட்டேன். மொத நாளே ரெண்டு பேர் மலை போட்டாங்க. அடிக்கல, இந்த மலையை எங்க பாத்தேன்னு மட்டும் கேட்டேன், யோசிச்சிட்டு ஒருத்தி அதுக்குப் பக்கத்துலயே காயப்போட்ட காரல் கருவாடு வரைய ஆரம்பிச்சா, வரிசை வரிசையா.

அந்த வத்தை வரைஞ்ச பையன் ஒரு நாள் வலை பின்னிட்டே எங்களைப் பாத்துட்டு இருந்தான். பென்சிலைக் கொடுத்தேன். வேணாம்னு சொன்னான், அப்புறம் வாங்கி, ஏராவுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு வங்கா எண்ணிக்கிட்டே போட்டான். அதே எண்ணிக்கையான்னு கேட்டேன். இல்ல, ரெண்டு மாத்தியாச்சுன்னு அந்த ரெண்டை மட்டும் அழுத்திக் காட்டினான்.