நிற்கும்போது சூடா, ஓடும்போது சூடா?

கேள்வி: அப்பா ஊட்டி எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கிய 1967 மாடல் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் கார்) எங்களிடம் இருக்கிறது. மலையில் இருந்தவரை சூடானதே இல்லையாம். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றி நெரிசலில் நின்றால் வெப்பம் காட்டும் முள் ஏறிவிடுகிறது. தஞ்சாவூர் சாலையில் அரை மணி நேரம் ஓட்டினாலும் மெல்ல மெல்ல ஏறுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றிப் பார்த்தார், பயனில்லை. பெரிய அலுமினிய ரேடியேட்டரும் எலெக்ட்ரிக் ஃபேனும் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. சூடாகும் எந்தப் பழைய வண்டி வந்தாலும் நான் முதலில் கேட்பது, நிற்கும்போது ஏறுகிறதா, ஓடும்போது ஏறுகிறதா என்பதுதான். நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்றில் குறை. ஓடும்போதும் ஏறினால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில் குறை. உங்களுடையது இரண்டிலும் ஏறுகிறது. ஆகவே தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

ஊட்டியில் ஏன் ஏறவில்லை? ரேடியேட்டருக்குள் தண்ணீர் 85 டிகிரி என்று வையுங்கள். ஊட்டியில் வெளிக்காற்று 20 டிகிரி; இடைவெளி 65. கத்திரி வெயிலில் நம் ஊரில் காற்று 40 டிகிரி, இடைவெளி 45. அதே ரேடியேட்டர், அதே வேகம், ஆனால் வெளியே தள்ளும் சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மலையில் அடைப்பு இருந்தும் தெரியாமல் ஓடியிருக்கும். இங்கே வந்ததும் தெரிந்துவிட்டது. வண்டி இங்கு வந்து கெட்டது என்று நினைக்க வேண்டாம்.

எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. என்ஜினில் பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள உடல்) அதன் மேலிருக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வெறும் தண்ணீரில் ஐம்பது வருடம் ஓடிய வார்ப்பிரும்பு உள்ளே துரு உதிர்த்துக்கொண்டே இருக்கும். அந்தத் துரு பிளாக்கின் பின்கோடியில், நான்காவது சிலிண்டரைச் சுற்றிப் போய்ப் படியும். பிளாக்கில் ஒரு வடிகுழாய் உண்டு, திறந்து பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் பிளாக் காலி என்று அர்த்தமில்லை. குழாய் வாய் வரைக்கும் சேறு ஏறி நிற்கிறது. கம்பியை விட்டுக் குத்தினால் முதலில் செங்காவிச் சேறு கெட்டியாக வழியும், பிறகு அரிசி அளவில் துருச்செதில்கள் விழும், அதன் பிறகுதான் தண்ணீர். பிளாக்கின் ஓட்டைகளை அடைத்திருக்கும் வட்டத் தகடுகளான கோர் பிளக்குகளைக் கழற்றி, வளைந்த கம்பியால் உள்ளே சுரண்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸ் பிடித்துக் கழுவுங்கள். ஒரு நாள் வேலை. பழைய வார்ப்பிரும்பு என்ஜினுக்கு இதைவிட நல்ல காரியம் ஒன்றும் செய்துவிட முடியாது என்பது என் அழுத்தமான கருத்து. பிளாக்கைக் கழுவாமல் புது ரேடியேட்டர் போட்டால், அந்தச் சேறு புதுசுக்குள் போய் அடைக்கும்.

அடுத்து ரேடியேட்டர். உங்களிடம் இருப்பது செம்பும் பித்தளையும் கலந்து ஈயம் பற்றவைத்தது. தூக்கிப் போடாதீர்கள். டிராக்டர், லாரி ரேடியேட்டர் பார்க்கும் பட்டறைகள் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கின்றன. மேல் டேங்கைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யத் தெரிந்த கைகள் அங்கேதான் இருக்கின்றன. தருமுன் ஒரு சோதனை: வண்டி நன்றாகச் சூடேறியதும், கையடக்க இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ரேடியேட்டரின் முகத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பாருங்கள். ஒரு திட்டு மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே குழாய் அடைந்திருக்கிறது. பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி பொய் சொல்லும். அங்கே கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும்.

இனி காற்று. நம் பக்கத்தில் சாலையிலேயே நெல் காய்கிறது. அறுவடைக் காலத்தில் பதரும் வைக்கோல் தூசியும் பறந்து ரேடியேட்டர் இதழ்களுக்குள் அடைகின்றன. இருட்டினால் வயல்பூச்சி வேறு. முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் அது இன்னும் உள்ளே இறுகும். என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் அடியுங்கள். தூசிக்குப் பயந்து கொசுவலை கட்டுகிறவர்கள் உண்டு; அது காற்றையும் சேர்த்துத் தடுக்கும், வேண்டாம். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ரப்பர், ஸ்பாஞ்ச் பட்டைகள் மட்கிப்போயிருந்தால் புதிதாக ஒட்டுங்கள். இடுக்கு இருந்தால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். இது சில நூறு ரூபாய் வேலை.

எலெக்ட்ரிக் ஃபேன் பற்றி: கெட்டதல்ல, ஆனால் உங்கள் வண்டிக்கு அவசரமில்லை. 1967-இல் வந்த எம்.ஜி.பி.களில் பெரும்பாலானவற்றில் மின்சாரம் தருவது பழைய ரக டைனமோதான். வண்டி நின்று என்ஜின் மட்டும் மெல்ல ஓடும் ஐடிலில் அது அநேகமாக ஒன்றும் கொடுக்காது. ஃபேன் தேவைப்படுவதோ அந்த ஐடிலில்தான். இரவில் ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்ந்து பேட்டரியை இறக்கிவிடும். இன்னொன்று, அந்தக் கால வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும் (எர்த்). இது தெரியாத எலெக்ட்ரீஷியன் வழக்கம்போல வயர் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, வண்டி ஓடும்போது வரும் காற்றோடு மல்லுக்கு நிற்கும். ஏற்கனவே யாராவது போட்டிருந்தால் ரேடியேட்டர் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அது என்ஜின் எவ்வளவு குளிர்ந்து இருக்கலாம் என்பதற்குத்தான் எல்லை. எவ்வளவு சூடாகலாம் என்பதற்கு அல்ல. அது இல்லாமல் ஓடினால் அதிகாலையில் என்ஜின் சூடேற நேரமாகி, பெட்ரோல் ஆயிலில் கலந்து, சிலிண்டர் தேயும். இந்த வண்டிக்கு 82 டிகிரி பொது, வெப்ப நாடுகளுக்கு 74 டிகிரி. நமக்கு 74 சரி. ஆனால் நெரிசலில் ஏறும் முள்ளை அது இறக்காது.

இவ்வளவும் செய்து இன்னும் ஏறினால் இக்னிஷன் டைமிங், அதாவது சிலிண்டரில் தீப்பொறி விழும் நேரம், பாருங்கள். தாமதமான டைமிங் என்ஜினைச் சுடவைக்கும். பலரும் ரேடியேட்டரையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில், டைமிங்கை முன்னே தள்ளும் வேக்குவம் டியூபை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பிடித்து நிற்காமல் காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் காற்றோடு சேரும் பெட்ரோல் கலவை மெலிந்துவிடுவதால், அதைச் செறிவாக்க எஸ்.யு. கார்புரேட்டர் ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே திருப்ப வேண்டியும் இருக்கலாம்.

அதுவரை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால்: நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து 1500 ஆர்.பி.எம். வையுங்கள். பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அப்படியும் முள் இறங்காவிட்டால் தயங்காமல் என்ஜினை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு சூடாவதில்லை. ஆனால் வெயிலில் பூம்புகார் போய் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: என்ஜினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டமும் ஃபேனும் நின்றுவிடும், என்ஜினின் சூடு மட்டும் மேலே எழும்பும். பம்பிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோல் ஆவியாகிறது. நிறுத்தியவுடன் பானட்டைத் திறந்து வையுங்கள். பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் சீக்கிரம் கிளம்பும். நிரந்தரத் தீர்வுக்கு, பெட்ரோல் டியூப் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகாமல் தள்ளி வைத்துக் கட்டுங்கள். பழைய ரப்பர் டியூப்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள், கசிந்தால் தீ. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான், அதுவும் ஹெரால்டு குடும்ப என்ஜின்.

கேள்வி: ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: கூடவே கூடாது. உங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அது உலோகத்தை அரிக்கும், சூட்டில் பொருக்காகவும் படியும். பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி, மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். நமக்குத் தண்ணீர் உறையும் கவலை இல்லை, ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அந்தக் கூலண்டில்தான் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியும் வண்டிக்கு உரிய அழுத்தத்தில் இருக்கட்டும். 10 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) மூடி சரியாக அழுத்திப் பிடித்தால் தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காது. அதனால்தான் சூடான வண்டியில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கிறது. மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பிறகு, கனமான துணி போட்டு, முதல் படி வரை மட்டும் திருப்பி, சத்தம் அடங்கியதும் முழுக்கத் திறங்கள்.