ஜெர்சிக்குச் சட்டம் (ஃபிரேம்) போடுமுன்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் அண்ணன் இளவயதில் பினாங்கில் ஒரு கிளப்புக்குப் பந்து விளையாடியபோது போட்ட 8-ஆம் எண் ஜெர்சி வீட்டில் இருக்கிறது. அவருடைய 60-ஆவது பிறந்தநாளுக்கு அதைச் சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை. ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில், கணினி இயந்திரத்தில் ஜெர்சி வடிவத்திலேயே மேட் வெட்டி, கீழே எண்ணையும் தமிழில் பெயரையும் வெட்டித் தருகிறோம் என்கிறார்கள். சாதாரணச் சட்டத்தைவிட இரண்டு மடங்கு விலை. கொடுக்கலாமா?
– ஜெலுத்தோங் வாசகி

பதில்: கொடுக்கலாம். ஆனால் எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள், அம்மா. மேட் என்பது கண்ணாடிக்கும் ஜெர்சிக்கும் நடுவில் வரும் தடித்த அட்டை. மென்பொருளில் வரைந்த கோட்டின் மேலேயே இயந்திரத்தின் பிளேடு 45 பாகை சாய்வில் ஓடும். கோடு தப்பாக இருந்தால் தப்பையும் அதே சுத்தத்தோடு வெட்டிவிடும். ஆகவே உங்கள் கவனமெல்லாம் வெட்டுவதற்கு முன்னால் திரையில் தெரியும் படத்தில் இருக்கட்டும்.

ஜெர்சி வடிவத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் கடையில் ஏற்கெனவே ஒரு வடிவம் சேமித்து வைத்திருப்பார்கள். உங்கள் ஜெர்சியின் நீள அகலத்தைத் தட்டிவிட்டால் அந்த வடிவம் இழுபட்டுப் பொருந்திவிடும். அகலத்தை மட்டும் இழுத்தால் வட்டக் கழுத்து முட்டை வடிவமாகும், தோள் சரிவும் மாறும். பழைய ஜெர்சிக்குக் காலர் இருந்திருக்கும், கடைக்காரரின் வடிவத்தில் அது இருக்காது. அதனால் ஜெர்சியை ஒரு பழுப்புத் தாளில் விரித்து, இழுக்காமல் நீவிவிட்டு, பென்சிலால் சுற்றி வரைந்து கொண்டுபோங்கள். அந்தக் கோட்டை வைத்தே வரைந்து தரச் சொல்லுங்கள். மேட்டில் வெட்டும் திறப்பு ஜெர்சியைவிட அரை சென்டிமீட்டர் சிறியதாக இருந்து ஓரத்தை மறைக்கப்போகிறதா, இல்லை பெரியதாக இருந்து சுற்றிலும் பின்பலகை தெரியப்போகிறதா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். துவைத்துத் துவைத்துக் கோணிப்போன ஜெர்சியின் ஓரத்தை மறைக்கப் பார்த்தால் ஒரு பக்கம் மறையும், மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

என்னைக் கேட்டால், ஜெர்சிக்கு நீள்சதுரத் திறப்பே போதும். மிச்சப் பணத்தை எண்ணுக்கும் பெயருக்கும் செலவிடுங்கள், ஏனென்றால் வேலை உண்மையில் கடினமாவது அங்கேதான்.

8 என்ற எண்ணை அட்டையில் வெட்டினால் நடுவிலுள்ள இரண்டு வட்டங்களும் கழன்று விழுந்துவிடும். அவற்றை மேட்டுக்கு அடியில் வைக்கும் இரண்டாவது அட்டையான கீழ் மேட்டில் இடம் பார்த்து ஒட்ட வேண்டும், அல்லது வட்டங்கள் விழாமல் பிடித்துக்கொள்ள மெல்லிய பாலம் விட்ட ஸ்டென்சில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டில் எது என்று கேளுங்கள். ஒட்டுவதாகச் சொன்னால், முன்பு அப்படிச் செய்த ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கையால் ஒட்டும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண்ணில் படும்.

தமிழ்ப் பெயருக்கு இன்னும் கவனம் தேவை. தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் தட்டினால், 'செல்வம்' என்ற பெயரில் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும். கடைக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் அது அப்படியே வெட்டுக்குப் போய்விடும். வடிவமைப்புத் தெரிந்த ஒருவரிடம் பெயரை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, வெக்டர் கோப்பாக வாங்கிக் கொடுப்பது பத்திரம். ட, ப போன்றவை சுலபம். ண, ஞ மாதிரிச் சுழி உள்ள எழுத்துகளில் 8-இன் கதைதான். மெய்யெழுத்துப் புள்ளியையும் பாருங்கள். வழக்கமான மேட் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் தடிமன். 45 பாகைச் சாய்வு ஒவ்வொரு பக்கத்திலும் அதே அளவைத் தின்றுவிடும். மேலே 4 மில்லிமீட்டர் புள்ளி என்றால் அடியில் 1.2 மில்லிமீட்டர் ஓட்டைதான் மிஞ்சும். பெயரைப் பெரிதாக வையுங்கள்.

பெரிதாக வைத்தால் அட்டை போதுமா? முழுத் தாள் 32-க்கு 40 அங்குலம், அதாவது 81-க்கு 101 சென்டிமீட்டர். பெரியவர்கள் ஜெர்சி 70 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் வரும். கைகளைப் பின்னால் மடித்தால் கீழே எண், பெயருக்கு இடம் கிடைக்கும். கைகளை விரித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் 40-க்கு 60 அங்குலத் தாள் தேவைப்படலாம். விலை ஏறுவது அதனாலும் இருக்கும். இரட்டை விலை எதற்கு என்று கோட்டேஷனில் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: மேல் மேட், கீழ் மேட், வரைபட வேலை, வெட்டுக்கூலி.

நிறத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடையில் மேட் அட்டைகளின் மூலை மாதிரிகள் தொங்கும். பினாங்கின் நீலமும் மஞ்சளும் வேண்டுமென்றால் அவற்றை ஜெர்சியின் மேல் வைத்து, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கேள்வி: கையெழுத்துப் போட்ட ஜெர்சி ஒன்று வைத்திருக்கிறேன். கண்ணாடியா, அக்ரிலிக்கா? கடைக்காரர் ஜெர்சியைப் பலகையில் ஒட்டிவிடலாம் என்கிறார்.
– செந்தூல் வாசகர்

பதில்: ஒட்ட விடாதீர்கள். பசை ஊறினால் கறை, பிறகு எடுக்கவும் முடியாது. மெல்லிய நூலால் தையல் போட்டுப் பலகையில் நிறுத்தச் சொல்லுங்கள்.

81-க்கு 101 அளவில் 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 6 கிலோ வரும். அக்ரிலிக் அதில் பாதிகூட இல்லை, விழுந்தாலும் சில்லுசில்லாகாது. கீறல் விழும் என்பது உண்மை, அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ஆகாது. இருந்தாலும் இந்த அளவுக்கு அக்ரிலிக்கே என் தேர்வு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையாகக் கேளுங்கள். அது மார்க்கர் மை வெளுப்பதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது, எனவே ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். வெப்பத்தில் ஒட்டிய ரப்பர் எண் கண்ணாடியையோ அக்ரிலிக்கையோ தொட்டுக்கொண்டிருந்தால் நம் ஊர் வெயிலில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இடைவெளிப் பட்டை போட்ட ஆழமான பெட்டிச் சட்டம்தான் வேண்டும். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் சிறு மெத்தை ஒட்டினால் காற்றுப் போகும், பூஞ்சை குறையும்.

கேள்வி: மேட்டில் பெயரைத் தப்பாக வெட்டிவிட்டார்கள். "ஸ்பெஷல் ஆர்டர், பணம் திரும்பாது" என்கிறார்கள்.
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: நீங்கள் ஒப்புதல் கொடுத்த படத்திலேயே தப்பு இருந்ததா? இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். படம் சரியாக இருந்து வெட்டு மாறியிருந்தால், அல்லது படமே காட்டாமல் வெட்டியிருந்தால், அந்த வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். ரசீதில் ஒரு வரி அச்சடித்து அந்தப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது.

முதலில் புதிதாக வெட்டித் தரும்படி வாட்ஸ்அப்பில் எழுத்துமூலம் கேட்டு, நாள் குறியுங்கள். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்கலாம். கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), வரம்பு 50,000 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், தப்பாக வெட்டிய அந்த மேட் மூன்றையும் எடுத்துப்போங்கள். கடைக்காரர் மேட்டைத் திரும்பக் கேட்டால், புதியது கைக்கு வரும்வரை கொடுக்காதீர்கள்.