முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: வேலூர் சைதாப்பேட்டையில் அப்பா கட்டிய வீடு, அறுபது வயசாகிறது, மெட்ராஸ் ஒட்டு (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கூரை). முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை, கிணற்றடியில் ஒரு கண்ணாடி அறை, இரண்டுக்கும் சேர்த்து 6.5 லட்சம் கேட்கிறார்கள். எஃப்.டி.யில் 7 லட்சம் இருக்கிறது, மகள் அடுத்த வருஷம் காலேஜ். எஃப்.டி.யை உடைக்கலாமா, பர்சனல் லோன் 4 லட்சம் வாங்கிச் சமாளிக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. அந்த 7 லட்சம் உங்கள் மகளின் படிப்புப் பணம், அதில் கை வைக்காதீர்கள். பர்சனல் லோன் 14 சதவீதம், ஐந்து வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 9,300 ரூபாய், வட்டி மட்டுமே ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். நாளைக்கு விற்கிறீர்கள் என்றால் அறுபது வயசு வீட்டுக்கு வருகிறவர் மனைக்குத்தான் விலை பேசுவார், கண்ணாடிக்குப் போட்ட காசு திரும்பாது.

அப்புறம் நம்ம ஊர் வெயில். ஆற்காட்டில் ஒரு வீட்டுக்கு மே மாதம் மதியம் போயிருந்தேன், ஆசையாகக் கட்டின கண்ணாடி அறையில் ஏ.சி. ஓடுகிறது, கூரைக்கு அடியில் பழைய பெட்ஷீட்டைக் கயிறு கட்டி விரித்திருக்கிறார்கள், அப்படியும் உள்ளே உட்கார முடியவில்லை. கரண்ட் பில் இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அந்த 500-க்குக் கீழே உள்ள சில யூனிட்டுக்கும் ரேட் ஏறும், அதையும் கணக்கில் சேருங்கள். அதனால் கிணற்றடி அறையை விட்டுவிடுங்கள்.

முற்றம் மட்டும் செய்யலாம், ஆனால் இப்போது இல்லை. தலைக்கு மேலே போடுவது லேமினேட்டட் கண்ணாடியாக இருக்க வேண்டும், உடைந்தாலும் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் உள்ள பிலிம் பிடித்துக்கொள்ளும், வெறும் டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடி) என்றால் பொலபொலவென்று கொட்டிவிடும். ஆறும் ஆறுமாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ, பத்துக்குப் பத்தடி முற்றம் என்றால் 280 கிலோ, இரும்பு தனி. இந்தப் பாரத்தைத் தாங்கப்போவது உங்கள் பழைய சுவரும் உத்தரமும்தான். உத்தரக் கட்டை சுவருக்குள் போகிற முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், மாவு மாதிரி உள்ளே இறங்கினால் முதல் செலவு அதற்குத்தான். ஒரு இன்ஜினீயரை வரவழைத்துக் காட்டுங்கள், அந்தக் கூலி வீண் இல்லை.

மாசாமாசம் ஒரு ஆர்.டி. போட்டு, மகள் சேர்ந்தபிறகு செய்யுங்கள். பக்கவாட்டில் ஓர் அடி திறப்பு விடச் சொல்லுங்கள், சூடு வெளியே போகட்டும். கொட்டேஷனில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். லேமினேட்டட் ஆனாலும் டஃபன் செய்த கண்ணாடி என்றால் அப்புறம் வெட்ட முடியாது, அதனால் இரும்புச் சட்டம் நின்றபிறகே அளவு எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டால் எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேல் கடன் வாங்குங்கள், எஃப்.டி. வட்டியைவிடப் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான் கூட இருக்கும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. பத்திரம் இன்னும் அப்பா பெயரில்தானா? கூடப் பிறந்தவர்கள் இருந்தால் பாகப்பிரிவினை முடிந்து உங்கள் பெயருக்கு மாறுகிறவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.