மாத்திரையை நிறுத்த வேண்டாம், வேறு வழி இருக்கிறது

மனநல மருத்துவர் தொலைவில் நகரத்தில் இருக்கிறார், மாதாமாதம் தங்கையைக் கூட்டிப்போக முடியவில்லை, மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரலாம். நோயே திரும்பவும் கூடும்.

அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். நோய் என்ன, மாத்திரை அளவு எவ்வளவு, எதைக் கவனிக்க வேண்டும், எப்போது தன்னிடம் திருப்பி அனுப்ப வேண்டும், எல்லாம் அதில் இருக்கட்டும். அதை வைத்துப் பக்கத்துப் பொது மருத்துவரே சிகிச்சையைத் தொடரலாம். அவர் தயங்கினால், உலக சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கிய எம்எச்கேப் (mhGAP) என்ற மனநலத் திட்டமே இப்படிச் சிறப்பு மருத்துவர் அல்லாதவர்களுக்காகத்தான் என்று சொல்லிப் பாருங்கள். இடையில் நகரத்து மருத்துவரிடம் போனில் பேச முடியுமா என்றும் கேளுங்கள். சிக்னல் சரியில்லாத இடத்தில் வீடியோ அழைப்பை நம்பியிருக்க வேண்டாம்.

அப்புறம், மனம்விட்டுப் பேச ஆள் இல்லை என்றீர்கள். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் திட்டத்தில் பயிற்சி பெற்ற பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்து பேசியே பலருடைய மனச்சோர்வைக் குறைத்தார்கள். 2016இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளருக்கு அப்படி ஏதும் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள்.

தங்கை சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் கடிதம், போன் எதற்கும் காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல், பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு உடனே கூட்டிப்போங்கள்.